வரவில் எழுதப்படாத அன்பு

யுத்தத்தைப் பற்றிப் பேச வந்தவர் எந்தத் தேசத்தவராயினும், எந்தக் கட்சியில் நின்று போரிட்டவராயினும், ஓரிடத்துக்கு வந்ததும் அவர் குரல் தழுதழுத்துவிடுகிறது. குண்டு மழைக்கு நடுவே ஒருவனுக்காக மற்றொருவன் உயிரைப் பணயம் வைத்தான் என்னும் இடம் அது. கேட்கிற நம் மனமும் அங்கே இளகிவிடுகிறது. யுத்தம் கொடியதுதான், ஆனாலும் இப்படியொரு சகோதர பாவத்தை வேறெங்கே காண முடியும் என்னும் சமாதானம் நம்மை அறியாமலே உள்ளே எழுகிறது. பெரிய நஷ்டக் கணக்குக்கு எதிரே வரவில் எழுதிக்கொள்ள ஏதோ ஒன்று அகப்பட்டதுபோல் ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதலை நமக்குத் தர மறுத்த ஒரு மனிதரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அவர் பெயர் யூஜீன் ஸ்லெட்ஜ். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது பசிபிக் சமுத்திரத்தில் பெலெலியூ, ஒக்கினாவா என்னும் இரண்டு தீவுகளில் அமெரிக்க மரைன் படையின் சாதாரணச் சிப்பாயாக நின்று போரிட்டு, உடம்பில் காயமின்றி ஊர் திரும்பி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாம் கண்டதை ஒரு நூலாக எழுதியவர். தளபதிகள் எழுதிய சரித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. வரைபடத்தின்மேல் அம்புக்குறிகள் நகர்வதை அவற்றில் காணலாம். அந்த அம்புக்குறியின் கூர்முனையில் சேற்றில் கிடந்தவன் என்ன கண்டான், என்ன முகர்ந்தான், யாருக்காக அழுதான் என்பதை இவ்வளவு நிதானமாகவும் இவ்வளவு கூச்சமில்லாமலும் சொன்ன நூல்கள் மிகச் சிலவே.

அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் 1923-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தவர் ஸ்லெட்ஜ். புத்தகத்திலும் பறவைகளிலும் பிரியமுள்ள, சுபாவத்தில் சாதுவான பிள்ளை. 1942 டிசம்பரில் அவர் மரைன் படையில் சேர்ந்தபோது, கல்லூரியில் படித்தவராயிற்றே என்று அதிகாரியாக்கும் உத்தேசத்துடன் ஜார்ஜியா டெக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நாம் பாடம் படித்துக்கொண்டிருக்கையிலேயே யுத்தம் முடிந்துவிடுமோ என்னும் கவலை அந்த வாலிபர்களைப் பிடித்துக்கொண்டது. ஸ்லெட்ஜின் அணியில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேண்டுமென்றே பரீட்சையில் தோற்றுச் சாதாரணச் சிப்பாய்களாகப் போனார்கள். அவரும் அவர்களில் ஒருவர். எதை நோக்கி அவசரப்பட்டோம் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

மரைன் படையின் முதல் டிவிஷன், ஐந்தாவது ரெஜிமெண்டு, மூன்றாவது பட்டாளம், கே கம்பெனி: இதுதான் அவருக்குக் கிடைத்த புதிய குடும்பம். குவாடல்கனாலிலும் கேப் குளோஸ்டரிலும் போர் கண்டு மீண்டவர்கள் பாவுவு என்னும் சிறு தீவில் முகாமிட்டிருந்தார்கள். அழுகிய தேங்காய்களின் நாற்றம், இரவில் காலணிக்குள் புகுந்துகொள்ளும் நிலநண்டுகள், எலிகள், ஓயாத சகதி, இவற்றுக்கு நடுவே புதியவர்கள் மூத்தவர்களோடு வந்து கலந்தார்கள். ஆயுதத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது முதல் அச்சத்தை மறைக்காமல் பேசுவது வரை எல்லாவற்றையும் மூத்தவர்களிடமிருந்தே கற்றதாக ஸ்லெட்ஜ் எழுதுகிறார். கம்பெனியின் தலைவராயிருந்த காப்டன் ஆண்ட்ரூ ஹால்டேன், போடொயின் கல்லூரியில் கால்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அதட்டாமல் கட்டளையிடத் தெரிந்தவர். அறுபது மில்லிமீட்டர் மார்ட்டர் ஒன்றின் பொறுப்பு ஸ்லெட்ஜுக்கும், தோழர்கள் ஸ்நாஃபு என்றழைத்த லூசியானாக்காரர் மெரியல் ஷெல்டனுக்கும் சேர்ந்து வாய்த்தது. ஒருவர் நாசூக்கான வைத்தியர் வீட்டுப் பிள்ளை, மற்றவர் முரடர், கொச்சையாகப் பேசுகிறவர். சமாதான காலத்தில் எதிர்ப்பட்டிருந்தால் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்த்திருக்கமாட்டார்கள்.

1944 செப்டம்பர் 15-ஆம் தேதி பெலெலியூவில் இறங்கினார்கள். பதின்மூன்று சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள பவளப்பாறைத் தீவு அது. மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும் என்று டிவிஷனின் தளபதி ஜெனரல் ரூபர்ட்டஸ் சொல்லியிருந்தார். ஜப்பானியத் தளபதி கர்னல் நாக்ககாவாவோ, கடற்கரையில் மோதி அழியும் பழைய முறையைக் கைவிட்டு, உமுர்ப்ரோகோல் மலையின் குகைகளுக்குள் ஏறத்தாழப் பதினோராயிரம் பேரை ஒளித்துவைத்துக் காத்திருந்தார். சண்டை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. வெப்பமோ 46 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. எண்ணெய்ப் பீப்பாய்களில் வந்த குடிதண்ணீர் எண்ணெயும் துருவும் கலந்து குடித்தவர்களைக் குமட்டச் செய்தது. பாறையில் மண்வெட்டி இறங்காததால் பதுங்குகுழி தோண்டவும் வழியில்லை, மலத்தை மூடவும் வழியில்லை, மாண்டவர்களைப் புதைக்கவும் வழியில்லை. ஈக்கள் உண்டு கொழுத்துப் பறக்கமாட்டாமல் சோற்றின்மேல் கிடந்தன என்று அவர் எழுதும்போது, தூய்மையைப் பெரிதாக மதித்து வளர்ந்த ஒருவர் அந்த அருவருப்பைத் தம் தோலில் உணர்ந்து சொல்லுகிறார் என்பது நமக்குப் புலப்படுகிறது.

சகோதரத்துவம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது அங்கே எந்த உருவத்தில் இருந்தது? ஸ்லெட்ஜின் நூலில் அது பேச்சாகவோ சபதமாகவோ வருவதில்லை, சுமையாகவே வருகிறது. காயம்பட்டவனை எடுத்துவர ஸ்டிரெச்சரின் நான்கு மூலைகளுக்கு நால்வர் வேண்டும்; மார்ட்டர்காரர்களுக்கு அந்த வேலை அடிக்கடி வந்துசேரும். கூரிய பாறைமேல் கால் இடறிக்கொண்டே, குனிந்து நடக்கவும் முடியாமல், துப்பாக்கியைத் தோளில் மாட்டி, இரு கையும் கட்டுண்டவர்களாய் அவர்கள் நடக்க வேண்டும். எதிரியோ தூக்கிச் செல்பவர்களையே குறிபார்ப்பான். படுத்திருப்பவன் ஒவ்வொரு குலுக்கலிலும் துடிப்பான். சுமப்பவர்களுக்குக் கை மரத்து விரல்கள் தாமே பிரியும். ஆனாலும் கைவிட்டு ஓடியவன் இல்லை. அவ்வாறு சுமக்கப்பட்டவன் சில சமயம் அவர்களுக்குப் பெயர் தெரியாத வேறு கம்பெனிக்காரனாயிருப்பான். நான் படித்த யுத்த நூல்களில் தியாகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு அகப்படவில்லை. கொடிக்காகவோ கொள்கைக்காகவோ அந்த நால்வரும் நடக்கவில்லை. நாளை நாம் விழுந்தால் நம்மையும் இவர்கள் விட்டுப் போகமாட்டார்கள் என்னும் நம்பிக்கையைத் தம் பங்குக்குக் காப்பாற்றவே நடந்தார்கள்.

இதே பாசத்தின் மறுபுறத்தையும் அவர் மறைக்கவில்லை. பெலெலியூவின் இருளில் ஓரிரவு மரைன் ஒருவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. உரக்கக் கத்தத் தொடங்கினான். ஒலி கேட்ட இடத்தை நோக்கி எதிரி வந்துவிடுவான். அத்தனை பேரும் அழிவார்கள். ஆறுதல் சொன்னார்கள், மயக்க ஊசி போட்டார்கள், முஷ்டியால் குத்தினார்கள், எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் மண்வெட்டியால் அடிக்க, சத்தம் நின்றது. காலையில் பார்த்தபோது அவன் இறந்துகிடந்தான். அடித்தவனைக் குற்றம் சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. சொல்லாமலிருந்ததை மறக்கவும் முடியவில்லை. தோழர்களைக் காப்பதற்காகத் தோழனைக் கொல்ல நேர்ந்த அந்த இரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

தம்மையும் அவர் தப்பவிடவில்லை. மாண்ட ஜப்பானியரின் தங்கப்பற்களைக் கத்தியால் பெயர்த்தெடுக்கும் வழக்கம் சிலரிடம் பரவியிருந்தது. உயிர் பிரியாத ஒருவனிடமிருந்து ஒரு மரைன் அவ்வாறு எடுக்கக் கண்டு பதறிக் கூவிய ஸ்லெட்ஜ், சில நாட்கள் கழித்துத் தாமே ஒரு பிணத்தின் முன்பு கத்தியுடன் குனிந்தார். கம்பெனியின் மருத்துவ உதவியாளர் அருகில் வந்து, வேண்டாம், கிருமிகள் ஒட்டிக்கொள்ளும் என்று மெல்லச் சொன்னார். வைத்தியர் மகனுக்கு அது நியாயமாகப் பட்டதால் கையை எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் காப்பாற்ற நினைத்தது தம் உடம்பையன்று, தமக்குள் மிஞ்சியிருந்த மனுஷத் தன்மையை என்பது பிற்பாடுதான் அவருக்குப் புரிந்தது. சண்டையில் காட்டும் தீரத்துக்கு மெடல் உண்டு. ஒரு தோழனை இழிவிலிருந்து இவ்வளவு நாசூக்காகத் தடுத்து நிறுத்தியதற்கு மெடல் கிடையாது. அந்தத் தீவில் நடந்த செயல்களில் இதையே நான் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

அக்டோபர் 12-ஆம் தேதி காப்டன் ஹால்டேன் மறைந்திருந்தவன் ஒருவனால் சுடப்பட்டு மாண்டார். செய்தி வந்தபோது முரட்டு மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள், சிலர் கையிலிருந்ததை வீசியெறிந்து சபித்தார்கள். தகப்பனை இழந்த வீடு போலாயிற்று கம்பெனி. யுத்தம் முழுவதிலும் தாம் அடைந்த துக்கங்களில் இதுவே பெரிது என்று ஸ்லெட்ஜ் எழுதியிருக்கிறார். மாத இறுதியில் பெலெலியூவை விட்டுப் புறப்படுகையில், இறங்கிய ஏறத்தாழ 235 பேரில் காயம்படாமல் எஞ்சியவர் 85 பேர்.

அவ்வளவும் எதற்காக? பிலிப்பைன்ஸ் மீது படையெடுக்கப்போகும் ஜெனரல் மக்ஆர்தரின் பக்கவாட்டைப் பாதுகாக்க அந்தத் தீவு அவசியம் என்று கருதப்பட்டது. இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, இது தேவையில்லை, நிறுத்திவிடலாம் என்று அட்மிரல் ஹால்ஸி ஆலோசனை சொல்லியிருந்தார், அது ஏற்கப்படவில்லை. ஜப்பானியர் தரப்பிலும் அந்தப் பதினோராயிரம் பேரில் உயிரோடு பிடிபட்டவர்கள் சில நூறு பேர்தாம், அவர்களிலும் பெரும்பாலோர் கட்டட வேலைக்காரர்கள். யுத்தம் முடிந்ததை நம்பாமல் 34 ஜப்பானியர் அத்தீவின் குகைகளில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு 1947 ஏப்ரல் வரையில் வாழ்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே பிணைப்பு, அதே விசுவாசம். இருபுறத்திலும் ஒரே குணம் ஒரே அளவில் இருந்தும் அது ஒருவரையும் காப்பாற்றவில்லை என்பதை, சகோதரத்துவத்தைக் காட்டி யுத்தத்துக்குப் பரிந்து பேசுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒக்கினாவாவில் 1945 ஏப்ரல் 1-ஆம் தேதி இறங்கினார்கள். அங்கே நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லப் புகவில்லை. மே மாதக் கடைசியில், அரைச்சந்திரக் குன்று என்று பெயரிடப்பட்ட ஓரிடத்தில், நாட்கணக்காக விடாமல் பெய்த மழையில் பிணங்களுக்கு நடுவே அவர்கள் அமர்ந்திருந்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். நீர் நிறைந்த ஒரு பள்ளத்தின் விளிம்பில், துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே மாண்டுபோன மரைன் ஒருவன் ஸ்லெட்ஜின் எதிரே உட்கார்ந்திருந்தான். எடுத்துப் போவாரில்லை. பகலெல்லாம் அவன் முகத்தையே பார்த்திருக்க வேண்டிய நிலை. இரவில் வெளிச்ச வாணங்களின் மினுமினுப்பில், மாண்டவர்கள் எழுந்து மெள்ள நடமாடுவதாகவும் வாயசைத்து ஏதோ உதவி கேட்பதாகவும் அவருக்குப் பிரமை தட்டியது. விழித்த பின்னும் அது முழுவதும் கலையவில்லை.

பெலெலியூவில் கம்பெனியில் இறந்தவர்கள் பெரும்பாலும் அவருக்குப் பெயர் தெரிந்தவர்கள். இங்கே நிலைமை மாறியது. வெற்றிடங்களை நிரப்பப் புதியவர்கள் வந்தார்கள்; வந்த அன்றே, பெயரைக் கேட்டுக்கொள்வதற்கு முன்பே மாண்டார்கள் அல்லது தூக்கிச் செல்லப்பட்டார்கள். முதலில் இறங்கிய 235 பேரோடு பின்னால் வந்தவர்களையும் சேர்த்துக் கே கம்பெனியில் ஒக்கினாவாவில் பணியாற்றியவர் 485 பேர். முடிவில் நின்றவர் ஐம்பது பேர். அந்த ஐம்பதிலும் முதல்நாள் இறங்கியவர் 26 பேரே. பாசம் வைத்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்ட மூத்தவர்கள் புதியவர்களிடம் ஒதுங்கியே இருந்திருந்தால் அது இயற்கைதான். தாம் அறியாமல் மாண்ட அந்தப் பிள்ளைகளின் தனிமையை நினைத்து ஸ்லெட்ஜ் காலமெல்லாம் வருந்தினார்.

குடிசை ஒன்றில் அவர் கண்ட ஒக்கினாவாக் கிழவியையும் விட்டுவிடலாகாது. வயிற்றில் புண் அழுகி, பிழைக்க வழியில்லாத அந்த மூதாட்டி, அவருடைய துப்பாக்கி முனையைப் பிடித்துத் தன்மேல் வைத்துச் சுடும்படி ஜாடை காட்டினாள். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு மருத்துவ உதவியாளரைத் தேடி ஓடினார். அவர்கள் குடிசையை நெருங்குவதற்குள் உள்ளே ஒரு வெடிச்சத்தம். வேறொரு மரைன் அவளைச் சுட்டுவிட்டு வெளியே வந்தான். எதிரிகளைக் கொல்லும் யுத்தத்தில் கிழவிகளைக் கொல்வதா என்று ஸ்லெட்ஜ் சீறினார். சொந்தத் தோழன்மேல் அவருக்குக் கோபம் பொங்கிய தருணங்களில் இது ஒன்று. அந்தத் தீவின் தென்கோடியில் மாபுனியில் 1995-ல் திறக்கப்பட்ட சமாதான நினைவுக்கற்களில், எந்தத் தேசத்தவர், சிப்பாயா குடியானவரா என்ற பேதமில்லாமல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஒக்கினாவாக் குடிகளுடையவை.

ஸ்லெட்ஜ் 1946-ல் ஊர் திரும்பினார். கல்லூரியில் சேரப் போனபோது, மரைன் படையில் என்னென்ன பாடங்கள் படித்தீர்கள், அவற்றை மதிப்பெண்ணில் சேர்க்கலாமா என்று பதிவு அலுவலகத்துப் பெண் விசாரித்தாள். அவளிடம் தீய எண்ணம் எதுவுமில்லை. அங்கே நடந்தது என்ன என்பது பற்றிய ஞானமும் இல்லை. கொல்லவும் கொல்லப்படாமலிருக்கவுமே கற்றுக்கொடுத்தார்கள் என்று அவர் சொன்ன பதிலைக் கேட்டு அந்த அறை ஸ்தம்பித்தது. வீழ்ந்தவனுக்குக் கல் நட்டுப் பூச்சூட்டத் தெரிந்த சமூகங்கள், திரும்பி வந்தவனை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் திகைப்பது எங்கும் உள்ளதுதான். ஒருமுறை ஸ்லெட்ஜ் தகப்பனாரோடு புறா வேட்டைக்குப் போனார். அடிபட்ட பறவை துடிப்பதைக் கண்டு அழுகை வந்துவிட்டது. இனிச் சுடமாட்டேன் என்றார். வைத்தியரான தகப்பனார் கண்டிக்கவுமில்லை, காரணம் கேட்கவுமில்லை. சுடாமல் பறவைகளைப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். அந்தத் தகப்பனைப்போல் ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்த்திருந்தால் எத்தனையோ வாழ்க்கைகள் தப்பியிருக்கும்.

துர்ச்சொப்பனங்கள் பல ஆண்டுகள் விடவில்லை. இரவில் அலறி விழிப்பதும், வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பதும், மறுபடி உறங்க அஞ்சுவதும் வழக்கமாயின. வைத்திய சாஸ்திரம் இதை அறியாமலில்லை. முதல் மகாயுத்தத்தின்போதே, 1915-ல், சார்ல்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரண்டாம் யுத்தத்தில் நார்மண்டியில் போரிட்ட காலாட்படையினரை ஆராய்ந்த ஸ்வாங்க், மார்ச்சண்ட் என்னும் இருவர், விடாமல் அறுபது நாட்கள் சண்டையில் நின்றால் உயிரோடிருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் மனம் குலைந்துவிடுவார்கள் என்று 1946-ல் வெளியிட்டார்கள். ஒக்கினாவாச் சண்டையோ 82 நாட்கள் நடந்தது. அதே 1946-ல், மனம் சிதைந்த சிப்பாய்களை ஆஸ்பத்திரியில் படம்பிடித்து ஜான் ஹூஸ்டன் தயாரித்த திரைப்படத்தை அமெரிக்க ராணுவம் பொதுமக்கள் பார்க்க விடாமல் தடுத்துவைத்தது. 1980-களின் தொடக்கத்தில்தான் தடை விலகியது. வியட்நாமிலிருந்து மீண்டவர்களின் துன்பம் வற்புறுத்திய பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனோவைத்தியச் சங்கம் இந்நோய்க்குத் தன் அட்டவணையில் தனியிடம் தந்தது. அறிந்தும் அறியாததுபோல் ஒரு தேசம் இருந்த முப்பத்தைந்து வருஷங்களை, ஸ்லெட்ஜைப் போன்றவர்கள் படுக்கையறை இருட்டில் தனியே கழித்தார்கள்.

அவரைத் தாங்கி நிறுத்தியது விஞ்ஞானம். வணிக நிர்வாகம் படித்துப் பார்த்து, அது ஒட்டாமல் தாவரவியலுக்குத் திரும்பி, 1960-ல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1962 முதல் 1990 வரை அலபாமாவில், பின்னாளில் மாண்ட்டவல்லோ பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற கல்லூரியில் உயிரியல் கற்பித்தார். ஓர் இலையையோ பறவையையோ கூர்ந்து நோக்கும் நேரத்தில் மனம் தீவுகளுக்குத் திரும்பிப் போகாமலிருந்தது என்று அவர் கண்டுகொண்டார். அவர் நூலின் நடையை உருவாக்கியதும் அந்தப் பயிற்சியே என்பது என் அபிப்பிராயம்: ஈயை ஈயாகவும், புழுவைப் புழுவாகவும், தம் வெறுப்பை வெறுப்பாகவும் குறித்துக்கொண்டு போகிற ஆய்வாளரின் கை அது.

யுத்தகளத்தில் நாட்குறிப்பு எழுதக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், சட்டைப் பையில் வைத்திருந்த சிறிய புதிய ஏற்பாட்டின் தாள்களில் இரகசியமாகக் குறித்துவைத்திருந்தார். தம் குடும்பத்தார் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் அவற்றை விரித்து எழுதத் தொடங்கினார். மனைவி ஜீன் வற்புறுத்தியிராவிட்டால் 1981-ல் அது அச்சேறியிருக்காது. தோழர்கள் மாண்டதை யாராவது சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விடுவது அவர்களைச் சேற்றிலேயே விட்டுவருவதாகும் என்னும் கடமையுணர்ச்சி ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. எந்தப் பக்கத்திலும், ஆகையால் யுத்தம் வீணாகவில்லை என்று அவர் எழுதவில்லை. தோழர்களின் அன்பு அவர் கண்டவற்றில் மிகச் சிறந்தது. யுத்தம் மிருகத்தனமானது, இழிவானது, மகா வீண். முதலாவதைக் கொண்டு இரண்டாவதன் கடனைக் கழிக்க அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. அத்தனை அன்பும் இருந்ததால்தான் இழப்பு அத்தனை ஆழமாகப் போயிற்று என்பதை அவர் வாழ்ந்து அறிந்திருந்தார்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபின் ஸ்நாஃபு பழைய தோழர்கள் எவரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை. நூல் வெளிவந்த பிறகே ஸ்லெட்ஜோடு மறுபடி பேசினார். 1993-ல் ஸ்நாஃபு காலமானபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்லெட்ஜும் ஒருவர்.

2001 மார்ச் 3-ஆம் தேதி ஸ்லெட்ஜ் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய இரண்டாவது நூல் வெளிவந்தது. ஒக்கினாவாவுக்குப் பிறகு பீக்கிங் நகரில் காவற்படையாக இருந்த மாதங்களையும், ஊர் திரும்பிப் பட்ட அவஸ்தைகளையும் அதில் சொல்லியிருக்கிறார். முதல் நூலுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்கும் இதற்குக் கிடைக்கவில்லை. சண்டை இல்லாத நூலை வாங்குவார் குறைவு. சீனக் குடும்பங்களின் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பேச்சும் புத்தகமும் உள்ள உலகம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று அந்த இருபத்திரண்டு வயதுப் பையன் மெள்ள மெள்ள நம்பத் தொடங்குவதும், நம்பிக்கையோடு வீடு வந்தவன் அடிபட்ட புறாவைக் கண்டு உடைந்துபோவதும் அதில்தான் இருக்கின்றன. பெலெலியூவைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் அவருடைய யுத்தத்தில் பாதியைத்தான் படித்தவர்கள்.